ஊசியைக் கழட்ட வேண்டாமாம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. கொலை, களவு என்று ஆசைப்பட வேண்டாம். ஒரு வசனத்தைப் பதினெட்டு விநாடி பிந்திக் கொண்டுபோன குற்றம். செய்த ஆள் இன்னும் பிடிபடவில்லை. கதை முடிவதற்குள் பிடித்துத் தரலாம் என்று நினைக்கிறேன்; எனக்கு அவரை ஓரளவு பழக்கம்.

தொடக்கம் ஒன்று: வில் என்பது தமிழரின் வீர—

(நிறுத்திவிட்டேன். இந்த வசனத்தை ஓடவிட்டால் மேடை வரும், ஒலிவாங்கி வரும், பொன்னாடை வரும். கதை வராது.)

தொடக்கம் இரண்டு: மீசாலையில் பின்னேர வெயில் மாமரங்களுக்கு ஊடாக—

(வெயில் எப்படி விழுந்தாலும் இந்தக் கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சூட்டில் பசை கெதியாக இறுகும் என்பதைத் தவிர. அது பிறகு.)

தொடக்கம் மூன்று: சிவசுப்பிரமணியத்தாருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஒரே பொருள் வளைவு.

இது இருக்கட்டும். வளைவு பிடிக்காத மனிதர் எதற்காக வில் செய்யப் போனார் என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால் கதை தன்பாட்டில் நடக்கும். நான் பின்னால் நடந்து வந்தால் போதும்.

2

சிவசுப்பிரமணியம் முப்பத்தொரு வருடம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் சேவயர் ஐயா. அவர் பிடித்த எல்லைக்கு எதிராக வழக்கு வைத்துச் சாவகச்சேரிக் கோட்டுக்குப் போனவர்கள் உண்டு, வென்று வந்தவர்கள் இல்லை. இதைச் சொன்னவரும் அவர்தான். தன் கலியாணப் படத்தை நீர்மட்டம் வைத்துப் பார்த்துச் சுவரில் மாட்டியவர். வாழையிலையில் சோறு போட்டால், இலையின் நடு நரம்பு தன் நெஞ்சுக்கு நேரே வரும்வரை இலையைத் திருப்பிவிட்டுத்தான் கறி கேட்பார்.

கார்த்திகை மாதம் சனசமூக நிலையத்தில் கூட்டம். பொங்கல் விளையாட்டு விழாவுக்கு வருடா வருடம் வரும் அதே பட்டியலை வாசித்தார்கள்: மண்பானையைத் தொங்கவிட்டு முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை, கயிறிழுத்தல், வளர்ந்தோருக்கான சங்கீதக் கதிரை. சேவயர் ஐயா எழும்பினார்.

"உதுகளிலை ஒண்டுக்காவது குறி எண்டு ஒரு சாமான் இருக்கே? கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டிக்கு அடிக்கிறதும் ஒரு விளையாட்டே? வில்வித்தை வைப்பம்."

"வில்லுக்கு எங்கை ஐயா போறது?" என்றார் தலைவர்.

"நான் செய்வன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் கை தட்டுவது ஒருவரை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம். இரண்டு கிழமையில் மஞ்சள் கடதாசியில் நோட்டீஸ் வந்தது: 'வில்வித்தைக் காட்சி. நெறியாள்கை: திரு. வே. சிவசுப்பிரமணியம், ஓய்வுநிலை நில அளவையாளர்.' சந்தியில் ஒட்டினார்கள். வாசிகசாலையில் ஒட்டினார்கள். மறந்துபோய் அவருடைய படலையிலும் ஒட்டினார்கள். அச்சில் வந்த பெயரை இனித் திருப்பி எடுக்க ஏலாது.

வில் செய்யும் முறையை அவர் யூரியூப்பில் படித்தார்.* ஒற்றை மரத்தை வளைத்தால் ஒன்றில் முறியும், அல்லது வளைந்தபடியே இருந்து பழகிவிடும். அதனால் மெல்லிய சிலாகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டவேண்டும். பனையில் கிழித்த சிலாகை மூன்று, முகப்புக்கு மூங்கில் ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, அவருடைய உயரத்துக்கு நீளம். வில்லின் வடிவத்தில் வெட்டிய கனத்த பலகை ஒன்றை அச்சாக வைத்து, அதன்மேல் நான்கையும் அடுக்கி, கிளாம்புகளால் இறுக்கி ஒரு நாள் விட்டால் வில்.

பசை குருநகரில் வாங்கினார். பைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிற றயன் என்பவர் இரண்டு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். "ரண்டையும் கலந்தால் நாப்பது நிமிசம்தான் அண்ணை. பேந்து அது உங்கடை சொல்லுக் கேளாது."

றயன் சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த நாற்பது நிமிசமும் சிலாகைகள் சொல்லுக் கேளா. பசை பூசாத சிலாகை வைத்த இடத்தில் கிடக்கும். பசை பூசிய சிலாகை விலாங்கு. மேலே கிளாம்பை இறுக்கினால் கீழே உள்ளது இடப்பக்கம் எட்டிப்பார்க்கும். அதை உள்ளே தள்ளினால் நடுவில் உள்ளது வலப்பக்கம் போகும். முதல் வில்லைத் தனியாக நின்று ஒட்டினார். மறுநாள் கழற்றியபோது நான்கு சிலாகையும், கலியாண வீட்டுக் குழுப்படத்தில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி, நான்கு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

முப்பத்தொரு வருடம் ஊரின் எல்லைகளை நேராக்கிய மனிதருக்கு ஆறடியில் நான்கு சிலாகையை நேராக வைக்க முடியவில்லை. அந்தக் கோணல் வில்லை அவர் அறுத்து அடுப்புக்குப் போட்டார். ஒருவருக்கும் காட்டவில்லை. அடுப்பு அவருடைய மனைவியின் அடுப்பு என்பதால் அவ மட்டும் பார்த்தா.

* தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். பின்சுவரில் அறுபது கிளாம்பு தொங்குகிறது. "உன்னிடம் உள்ளதை வைத்துச் செய்" என்று சிரிக்கிறார். சேவயர் ஐயாவிடம் இருந்தவை ஒன்பது. அதில் மூன்று இரவல்.

3

மனைவி குணலட்சுமி. தையல்காரி. தென்மராட்சியில் பாதிப் பெண்களின் தோள் அளவு அவவுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்துப் பேனையை வலக்கைக்கு மாற்றினார்கள். வீட்டில் சோற்றையும் திருநீற்றையும் வலக்கைக்கு மாற்றினார்கள். கத்தரிக்கோலை மட்டும் ஒருவராலும் மாற்ற முடியவில்லை. அது இடக்கையிலேயே நின்றுவிட்டது. வழுக்குகிற பட்டில் இடக்கையால் அவ வெட்டுகிற கோட்டுக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்தால் அடிமட்டத்துக்குத்தான் வெட்கம்.

இரண்டாவது வில்லுக்கு அவவைக் கூப்பிட்டார். நான்கு கை இருந்தால் சரிவரும் என்று நினைத்தார். வரவில்லை. இருபதாவது நிமிசத்தில் அவவின் பக்கத்துச் சிலாகை வழுக்கிய ஒரு கணத்தில், வியர்வை கண்ணுக்குள் இறங்க, அவர் வாயிலிருந்து வந்த வசனம்:

"ஒரு கோடு நேராப் பிடிக்கத் தெரியாதே உமக்கு?"

குணலட்சுமி கிளாம்பை மெதுவாகக் கீழே வைத்தா. சவர்க்காரம் போட்டுக் கை கழுவினா. உள்ளே போய்த் தையல் மிசினில் இருந்து, ஒருவருக்கும் வேண்டாத ஒரு துணியில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு கோடு தைத்தா. அதைக் கொண்டுவந்து அவருடைய அளவுகோலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனா. அதன் பிறகு இருவருக்கும் கதை பேச்சு இல்லை.

[இந்த இடத்தில் ஒரு உவமை வந்து படலையில் நிற்கிறது. பசை, மரம், தாம்பத்தியம் என்று ஏதோ சொல்ல வந்திருக்கிறது. நாயை அவிழ்த்து விட்டிருக்கிறேன்.]

கதை இல்லை என்றால், நேரே கதை இல்லை. சாப்பாடு உண்டு, தேத்தண்ணி உண்டு. ஆனால் ஒருவர் சொல்லுவது மற்றவர் காதில் நேரே விழுந்தாலும் விழாத மாதிரி. இப்படியான கோபத்துக்கு ஆள் நடுவில் வேண்டும். அவர்களுக்கு ஆள் இருந்தது. குணலட்சுமியின் தம்பி, செல்வநாயகம் என்று பெயர், பக்கத்து வளவு, ஐம்பது வயது, தனிக்கட்டை. கல்வெட்டு எழுதுவது தொழில். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அச்சடிக்கிற அந்தச் சிறிய புத்தகம். விருத்தம், வம்ச வழி, வாழ்க்கை வரலாறு எல்லாம் இவர்தான். ஊரில் நாற்பது பேருக்குக் கடன் வைத்துவிட்டுப் போனவரை 'எல்லோர் நெஞ்சிலும் நீங்கா இடம் பிடித்தவர்' என்று எழுதக்கூடிய கை.

அந்தக் கையிடம்தான் இரண்டு பேரும் தங்கள் வசனங்களைக் கொடுத்து அனுப்பினார்கள்.

"தம்பி, உந்த மனிசனிட்டைச் சொல்லு, பழஞ்சோறுதான் கிடக்குது, விருப்பமெண்டால் தின்னட்டும், இல்லாட்டி வில்லைத் தின்னட்டும்."

செல்வநாயகம் வாசலுக்கு வந்து சொல்லுவார்: "அத்தான், சாப்பாடு ஆயத்தமாம்."

"அவவிட்டைச் சொல்லு, எனக்குப் பசி இல்லையாம். நேராச் சோறு போடத் தெரிஞ்ச ஆளிட்டைத் தின்னுவன்."

"அக்கா, அத்தான் கை கழுவிப்போட்டு வாறாராம்."

இப்படிப் பன்னிரண்டு நாள். இருவரும் ஒருவரையொருவர் முன்னைவிட மரியாதையாக நடத்துவதாக இருவருமே நம்பத் தொடங்கியிருந்தார்கள். செல்வநாயகத்துக்கு இரண்டு நேரச் சாப்பாடு அங்கேயே முடிந்தது. சமாதானத்துக்கு அவர் அவசரப்படவில்லை என்று யாராவது சொன்னால் அது அவதூறு. கொஞ்சம் உண்மை கலந்த அவதூறு.

4

செல்வநாயகம் நான்தான்.

ஏழாம் பகுதிவரை மறைக்க நினைத்தேன். முடியவில்லை. 'ஐம்பது வயது, தனிக்கட்டை' என்று என்னைப் பற்றி மூன்றாம் ஆளாக எழுதும்போது எனக்கே என்மேல் இரக்கம் வந்து, அடுத்த வரியில் 'எல்லோர் நெஞ்சிலும் நீங்கா' என்று கை போகப் பார்த்தது.

இனி மூன்றாவது வில்.

பொங்கலுக்கு ஒன்பது நாள். இன்னும் ஒரு வில்லுக்குத்தான் பனஞ்சிலாகை மிச்சம். அத்தான் என்னிடம் வந்தார். அச்சுப் பலகையைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நாலு கை வேணுமடாப்பா" என்றார். நான் என் இரண்டையும் நீட்டினேன். அவர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேறை ரண்டு" என்றார்.

அக்காவிடம் போனேன். அக்கா தையலை நிற்பாட்டவில்லை.

"நோட்டீசிலை கிடக்கிறது எங்கடை வீட்டுப் பேர். அதுக்காக வாறன். ஆனால் கதைக்கமாட்டன். அடுக்குறது என்ரை முறையிலை. ஓமெண்டால் ஓம்."

அத்தான் ஓம் என்றார். அந்த ஓமை மட்டும் நான் ஒரு திருத்தமும் செய்யாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்காவின் முறை இது. பட்டு வழுக்கினால் தையல்காரி என்ன செய்வா? முதலில் தேவையைவிட அகலமாக வெட்டுவா. தைத்த பிறகு மிச்சத்தை நறுக்கலாம். பிறகு ஊசி குத்துவா. சிலாகைகளை அரை அங்குலம் அகலமாகவும் நீளமாகவும் விடச் சொன்னா. நான்கையும் பசை போடாமல் ஒழுங்காக அடுக்கி, நடுவில் ஒன்று, இரண்டு நுனியிலும் ஒவ்வொன்று என்று மூன்று துளை போடச் சொன்னா. சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி மூன்று ஊசி. பசை ஒட்டாமலிருக்க ஊசியில் மெழுகுதிரி தேய்த்தா. நுனித் துளைகள் பிறகு வெட்டிக் கழிக்கிற பகுதியில். நடுத்துளை கைபிடிக்குள் மறையும். பசை போட்டபின் எத்தனை கிளாம்பு இறுக்கினாலும் சிலாகை இனி எங்கே வழுக்கும்?

அத்தானின் முகத்தைப் பார்த்தேன். நல்ல முறை என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தனக்கு வராமல் போனதே என்பதும் விளங்கிவிட்டது. இரண்டும் ஒரே முகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

பின்னேரம் மூன்று பத்துக்குப் பசை கலந்தோம். அச்சின் ஒரு நுனியில் அத்தான், மறு நுனியில் அக்கா, நடுவில் மணிக்கூட்டோடு நான்.

"தம்பி, அந்த மனிசனிட்டைச் சொல்லு, பசையைப் பூசச் சொன்னால் பூசட்டாம். மதிலுக்கு வெள்ளை அடிக்க வேண்டாமாம்."

"அத்தான், கொஞ்சம் மெல்லிசாப் பூசினால் வடிவா இருக்குமாம்."

"அவவிட்டைச் சொல்லு, எனக்குப் பசை பூசத் தெரியும், முப்பத்தொரு வரியம் வரைபடம் ஒட்டினனான்."

"அக்கா, அத்தான் ஓமாம்."

ஊசிகள் போயின. மூங்கில் மேலே போனது. கிளாம்பு ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. ஒரு சிலாகையும் அசையவில்லை. பசை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிதுங்கி வந்தது. அத்தான் குனிந்து பார்த்து, தன்னை அறியாமல் "ஆ!" என்றார். இருபத்தொன்பதாவது நிமிசம். அந்த 'ஆ'வை அக்காவிடம் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். எனக்கும் எழுத ஒன்றும் இருந்திராது, கல்வெட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

அப்போது பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மிசினைப் போட்டார்கள்.

அந்தச் சத்தத்தில் ஆறடிக்கு அப்பால் நிற்பவர் பேசுவது கேட்காது. நடுவில் நின்ற எனக்கு இருவரும் கேட்கும். அத்தான் தன் பக்கத்து நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை மெதுவாக ஊசியை நோக்கிப் போனது. ஒரு சேவயர் மற்றவன் எல்லைக்கு அடித்த முளையை நம்பமாட்டான். பிடுங்கி, கண் வைத்துப் பார்த்து, தானே திரும்ப அடித்தால்தான் அது முளை. அவருக்கு அது தொழில்கூட இல்லை, மூச்சு.

அக்கா கண்டுவிட்டா. என் காதுக்குள் கத்தினா:

"தம்பி, அந்த ஊசியைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லு! இந்த மனிசன் தாலி கட்டினவுடனை முடிச்சை இழுத்துப் பார்த்த ஆள்! நம்பிக்கை எண்டதே பிறப்பிலை இல்லை. கழட்ட வேண்டாமெண்டு சொல்லு!"

வாசகரே, இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நீங்கள் நான் என்றால் 'ஊசி!' என்று ஒரு சொல்லைக் கத்தியிருப்பீர்கள். எனக்குக் கிடைத்ததோ ஒரு முழு வசனம், அதற்குள் ஒரு மாணிக்கம்: தாலி முடிச்சை இழுத்துப் பார்த்த மாப்பிள்ளை. நான் எழுதிய நூற்றுப்பத்துக் கல்வெட்டிலும் அப்படி ஒரு வரி இல்லை. அதை எறிய மனம் வரவில்லை. அப்படியே சொன்னால் அத்தானுக்குச் சுடும். 'நம்பிக்கை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அவதானம்' என்று போடலாமா? 'அவதானம் மிக்கவராகிய தாங்கள்' என்று தொடங்கினால்—

பதினெட்டு விநாடி.

வாயைத் திறந்தபோது ஊசி அவர் கையில் இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சிலாகை வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த இரண்டும் சத்தமில்லாமல் ஒரு பக்கம் நகர்ந்தன. ஊசியைத் திரும்பப் போடப் பார்த்தார். துளைகள் ஒன்றுக்கொன்று நேரில் இல்லை. தள்ளிப் பார்த்தார். பின்னேர வெயிலின் சூட்டில் பசை நாற்பது நிமிசத்துக்கு முன்பே இறுகத் தொடங்கியிருந்தது.

"அக்கா என்னவாம்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

இந்த இடத்தில் நான் சொன்ன வசனத்தை இதுவரை எழுதிய எல்லா வரைவுகளிலும் மாற்றி மாற்றி எழுதினேன். உண்மையில் சொன்னது இதுதான்:

"ஒட்டுற ரேப் காணுமோ எண்டு கேக்கிறா."

5

இந்தப் பகுதியில் நான் யாரையாவது நல்லவராக்க வேண்டும். யாரை என்று தெரியவில்லை.

ஒரு வரைவில் அக்காவை நேரே கத்த வைத்தேன்: "இஞ்சாருங்கோ, ஊசி!" பன்னிரண்டு நாள் கோபம் ஒரு சொல்லில் உடைகிறது. அந்த வரைவில் வில் நேராக வந்தது, அக்கா கோணலாகப் போனா. கோபம் என்றால் கோபமாக நிற்கிற பெண்ணை என் வசதிக்காக வளைத்துவிட்டேன் என்று அழித்தேன். இன்னொரு வரைவில் மிசினின் எண்ணெயை முடிய வைத்து, சத்தத்தை நிற்பாட்டினேன். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் எண்ணெய் முடிய விடுகிற ஆளில்லை. அதையும் அழித்தேன்.

நடந்தது நடந்ததுதான். மறுநாள் அத்தான் கழற்றி, சீவி, வடிவெடுத்து, நாண் ஏற்றினார். அக்காவின் பக்கம் சிலாகைகள் ஒரே மரம் மாதிரி இருந்தன. விரலால் தடவினால் எங்கே ஒட்டு என்று தெரியாது. அத்தானின் பக்கம் நுனி சாடையாகத் திரும்பியிருந்தது. நாண் கைபிடியின் நடுவில் விழாமல் வலப்பக்கம் மூன்று மில்லிமீற்றர் தள்ளி விழுந்தது.

அத்தான் நாணைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். அளவுகோல் எடுக்கவில்லை. அது எத்தனை மில்லிமீற்றர் என்று அவருடைய கண்ணுக்கே தெரியும். அதுதான் அவருடைய கஷ்டம்.

"நான் ஊசியைக் கழட்டேக்கை அவ பார்த்துக்கொண்டுதான் நிண்டவ," என்றார் என்னிடம். "ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பார்த்துக்கொண்டு நிண்டவ."

குசினிக்குள் போனேன். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றா.

"சொல்லி விட்டும் கழட்டின ஆளடா. என்ரை சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு."

இதுவரை இருந்தது வாய் தவறிய ஒரு வசனத்துக்கான கோபம். ஊரில் எந்தக் குடும்பத்திலும் இருக்கும், ஆறும். இனி இருப்பது வேறு. தன் தோல்வியை அவ ரசித்து நின்றா என்று அவர் நினைக்கிறார். தன் சொல்லை அவர் காலால் தட்டினார் என்று அவ நினைக்கிறா. இரண்டும் பொய். இரண்டுக்கும் நடுவில் உண்மையை வைத்துக்கொண்டு ஒருவன் நின்றான்.

அவன் என்ன செய்தான்?

தேத்தண்ணியைக் குடித்தான். சீனி கொஞ்சம் குறைவு. அதையும் சொல்லவில்லை.

6

பொங்கல் அன்று பின்னேரம், சனசமூக நிலைய மைதானம். முட்டி உடைத்தாயிற்று, தலைவரின் செருப்புத்தான் உடைந்தது. கோபம் தொடங்கி இருபத்தொரு நாள். சேவயர் ஐயா வெள்ளை வேட்டியோடு வில்லைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வந்தார். தொண்ணூறு அடி தள்ளி வைக்கோல் அடுக்கி, நடுவில் வட்டம் கீறிய சீலை. ஒலிவாங்கியை அவருக்குப் பக்கத்திலேயே நட்டு வைத்திருந்தார்கள்.

முதல் அம்பு வைக்கோலைத் தொடவில்லை. இடப்பக்கமாகப் போய், பந்தல் காலில் கட்டியிருந்த வாழையில் குத்தி நின்றது. இரண்டாவது அதே வாழை. மூன்றாவதும் அதே வாழை. மூன்றையும் ஒரு உள்ளங்கையால் மூடலாம்.

"பார்த்தீர்களா! வாழைக்கு வைத்த குறி! மூன்றுக்கு மூன்று!" என்று அறிவிப்பாளர் துள்ளினார். சனம் விசிலடித்தது. வில்லை வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டிருந்தால் போதும். மானம் வீட்டுக்கு வந்திருக்கும். நான் எழுதியிருந்தால் அவரை அப்படித்தான் செய்ய வைத்திருப்பேன்.

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"வாழை குறி இல்லை," என்றார். "குறி வைக்கோல்."

விசிலடித்தவர்கள் வைக்கோலைப் பார்த்தார்கள்.

"ஒரு அம்பு பிழைச்சால் கை. மூண்டும் ஒரே இடத்துக்குப் போனால் அது கையில்லை, கருவி. இந்த வில்லிலை நாண் வலப்பக்கம் விழுது. நான் வலக்கையாலை இழுக்கிற ஆள். அம்பை வில்லுக்கு இடப்பக்கம் வைக்கவேணும். அப்ப அது இடப்பக்கம்தான் போகும்." தன் தவறை முழு ஊருக்கும் வரைபடம் போல விரித்துவிட்டு, திடீரென்று நின்றார். வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்பை வலப்பக்கம் வைக்கிற ஆளெண்டால்... நேராப் போகும்."

வலப்பக்கம் அம்பு வைப்பவர் இடக்கையால் இழுப்பவர். ஊரில் இடக்கை யாருடையது என்று அங்கே நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எல்லோரையும் அந்தக் கை அளந்திருக்கிறது. தலைகள் ஒவ்வொன்றாகப் பொங்கல் பானைப் பக்கம் திரும்பின. அக்கா அங்கே நின்றா.

அத்தான் என்னைத் தேடினார். நான் பானைக்குப் பின்னால் குந்தியிருந்தேன். இருபத்தொரு நாளில் முதல் தடவையாக வேலைக்குப் போகவில்லை. ஆளை அனுப்ப வழியில்லாமல், ஒலிவாங்கி திறந்தபடி, அவர் நேரே கூப்பிட்டார்.

"இஞ்சாரும்."

முழு மீசாலைக்கும் கேட்டது.

"ஒருக்கா வாருமன். உது உம்மடை கைக்குத்தான் வரும்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தா. அவர் வில்லை இரண்டு கையாலும் நீட்டினார். குரலைக் குறைத்துக்கொண்டு, ஒலிவாங்கி குறைக்கவில்லை என்பதை மறந்து சொன்னார்:

"கோடு பிடிக்கத் தெரியாதெண்டு சொன்னது பிழை. நீர் பிடிச்ச பக்கம் ஒரு நூலும் விலகேல்லை. என்ரை பக்கம்தான் விலகினது."

அக்கா வில்லை வாங்கினா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. அம்பை வலப்பக்கம் வைத்து, அடி வாங்கியும் மாறாத அந்த இடக்கையால் நாணை இழுத்தா. துணி வெட்டுமுன் பார்க்கிற அதே பார்வை. நாண் முகத்தடிக்கு வந்ததும், கண்ணை வைக்கோலில் இருந்து எடுக்காமல் கேட்டா:

"அப்ப, ஊசியைக் கழட்ட வேண்டாமெண்டு நான் சொல்லி விட்டும் ஏன் கழட்டினனீங்கள்?"

"எப்ப சொன்னனீர்?"

"மிசின் போட்ட நேரம். தம்பியிட்டை."

"அவன் ஒட்டுற ரேப் காணுமோ எண்டெல்லே கேட்டவன்?"

ஒலிவாங்கி இதையும் ஊருக்குச் சொன்னது.

பிறகு இருவரும் பானைப் பக்கம் திரும்பினார்கள். அக்கா திரும்பியபோது வில்லும் அவவோடு சேர்ந்து கொஞ்சம் திரும்பியது.

"டேய் தம்பி!"

இரண்டு வாய், ஒரே சொல், ஒரே நேரம். இருபத்தொரு நாள் நான் கொண்டு திரிந்த அத்தனை வசனங்களிலும் அப்படி ஒன்று பொருந்தியதில்லை. ஒரு மில்லிமீற்றர் விலகவில்லை. ஊசி கூடத் தேவைப்படவில்லை.

7

இங்கே முடிவு வரவேண்டும். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அம்பு வைக்கோலின் நடு வட்டத்தில் நிற்கிறது. சேவயர் ஐயா அளவுகோலோடு ஓடிப்போய் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் என்று—

அம்பு நான்காவது தடவையாகவும் வாழைக்கே போகிறது. அப்படியென்றால் அத்தானின் கணக்கு முழுவதும் பிழை. அக்கா சிரிக்கிறா, அவரும்—

அம்பு பொங்கல் பானையில்—

(பானைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதை நினைத்து இதை முடிக்கவில்லை.)

மூன்றையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் என் கையில் கொடுத்த வசனம் என்ன பாடுபடும் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதனால் முடிவு உங்களுடையது. நாண் இழுபட்டபடி நிற்கிறது. அத்தானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, நேருக்கு நேர், என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்பை விடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கே விட்டீர்கள் என்பதை அவர்களிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். என்னிடம் சொல்லி விட வேண்டாம்.